ஆள்போடு அண்ணனும் துரையின் நாற்காலியும்

பினாங்கில் வேலை தேடி அலைந்தவர்களை எண்ணி முடியாது. வேலையைத் தேடிப் பிடித்து, அதன் காதைத் திருகி இழுத்து வந்து, ஓர் ஆளிடம் ஒப்படைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரிந்த பெயர் ஆள்போடு அண்ணன்.

எதைப் பார்த்தாலும் அவர் வாயில் ஒரே வாக்கியம்தான் வரும். “இதுக்கு ஒரு ஆள் போடணும்லா.” சூலியா தெருக் காப்பிக்கடையில் தேநீர் ஆற்றுகிறவரை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். “அண்ணே, வலது கை மேல போவுது, எடது கை கீழ வருது. ரெண்டையும் நீங்களே பாத்துக்கிட்டா எப்படி? கீழ்க் கைக்கு ஒரு ஆள் போடுங்க” என்பார். அக்கரைக்குப் போகும் படகில் ஏறினால், “கரை வந்துருச்சுன்னு சொல்ல ஆளே இல்லியே, தூங்குறவன் கதி என்ன?” என்று கவலைப்படுவார். படகு துறையில் முட்டி நிற்கும் சத்தத்தில் செத்தவனே எழுந்து வேட்டியைச் சரிசெய்வான் என்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவர் சொன்னபோது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது செருப்புக்குச் சீட்டுக் கொடுக்கிறார்கள். நானும் பத்திரமாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டுதான் சாமி கும்பிடுகிறேன்.

அவர் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்தவர். தம் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவருவார். விடியற்காலையில் அவர்களைக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் ஆட்களைக் கழித்தது. கழிக்க ஆள் தீர்ந்ததும் கங்காணியையும் கழித்தது. அவருடைய பழக்கத்தை மட்டும் எந்த நிர்வாகத்தாலும் கழிக்க முடியவில்லை.

அதே விலைவீழ்ச்சியில் அரசாங்கம் என்னையும் கழித்தது. நான் கிராணி, அதாவது அலுவலகக் குமாஸ்தா. எந்தக் கோப்பு எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு, எந்த வழியாக, எவ்வளவு தாமதமாகப் போக வேண்டும் என்பதில் எனக்கு நிகர் கிடையாது. என்னை வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவு வந்தபோது, அதில் ஓர் இணைப்பு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். சரிசெய்து, நன்றி தெரிவித்து, மறுபடி அனுப்பினார்கள். ஆக, என் வேலை முறைப்படி போயிற்று என்ற திருப்தி எனக்கு உண்டு.

அந்தக் காலத்தில்தான் பினாங்கு ரோட்டில் ராவுத்தர் ஒருவர் மேஜை நாற்காலிக் கடை திறக்க முனைந்தார். தோட்டங்களுக்கு அரிசி பருப்பு கொடுத்துவந்த வியாபாரி. தோட்டத்துத் துரைமார் பலர் சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போன கட்டில், அல்மாரி, சோபா, நாற்காலிகளை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தார். ஊரே நாற்காலியை விற்றுச் சோறு தின்றுகொண்டிருக்கும்போது நாற்காலிக் கடை திறக்கிறவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டு விடியுமுன் வந்து நின்றவர்களும் அந்த எல்லோருமேதான்.

ராவுத்தர் எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன்.

“ஆள் எடுக்கணும். முறையெல்லாம் தெரிஞ்சவரு நீருதானாமே” என்றார்.

என் புகழ் அரிசி மண்டி வரைக்கும் பரவியிருப்பதை எண்ணி எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. தலைமைக் கிராணி என்று எனக்கு நானே பதவிப் பெயர் சூட்டிக்கொண்டேன். எனக்குக் கீழே வேறு கிராணி இல்லாததால் அதை யாரும் மறுக்கவில்லை.

ராவுத்தருக்கு வேண்டியது, விற்க ஓர் ஆள், மரத்துக்கு மெருகு போட ஓர் ஆள், தூக்கிச் சுமக்க இரண்டு ஆள். நான் ஏற்பாடு செய்தது, மூன்று பிரதியில் விண்ணப்பம், நற்சான்றிதழ், நேர்முகம். சோபா தூக்குகிறவனுக்கு நற்சான்றிதழ் எதற்கு என்று ராவுத்தர் கேட்டார். தூக்குவதற்கு இல்லை, தூக்குவதற்கு முன்னால் என்று விளக்கினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

நேர்முகத்துக்கு முதல் ஆளாக வந்தவர் ஆள்போடு அண்ணன். கங்காணிக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. நான் பேனாவை எடுத்துக்கொண்டு, “எந்த வேலைக்கு?” என்றேன்.

“எனக்கு வேலை வேணாம் கிராணியாரே. ஆளு இருக்கு. வேலை எங்கிட்டெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு பாத்துட்டுப் போவ வந்தேன்.”

“இங்கே நாலு வேலைதான்.”

“அது உங்க கண்ணுக்குத் தெரியிறது” என்று சொல்லிவிட்டுக் கடையைச் சுற்ற ஆரம்பித்தார்.

அவருடைய அவசரம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. தோட்டம் கழித்த ஆட்களை இலவசமாக ஊருக்குத் திருப்பி அனுப்ப அரசாங்கம் முகாமில் வைத்திருந்தது. அதில் ஒரு பகுதி இவர் கூட்டிவந்த ஆட்கள். யாராவது ஒரு முதலாளி வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் முகாமிலிருந்து விடுவார்கள். இல்லையென்றால் அடுத்த நாகப்பட்டினம் கப்பல். “சம்பாரிச்சுக்கிட்டு வருவாங்கன்னு அவுங்க ஆத்தா அப்பன்கிட்ட நான்தானே சொல்லிக் கூட்டியாந்தேன். வெறுங்கையா எறக்கிவிட்டா நான் எந்த மூஞ்சியோட அந்த ஊர்ப் பக்கம் போவேன்?” என்று ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லும்போதுகூட என் மைக்கூட்டுக்கு மூடி திறக்க ஓர் ஆள் போடலாமா என்று அவர் கண் அளந்துகொண்டிருந்தது.

அன்று கடையில் ஆளுயரக் கண்ணாடி பதித்த அல்மாரி முன்னால் நின்றார். “இதுக்கு ஒரு ஆள் போடணும்லா.”

“கண்ணாடிக்கு எதற்கு ஆள்?”

“ஜனங்க மூஞ்சியைப் பாத்துட்டு அங்கேயே நின்னுடும். போதும் நகருங்கன்னு சொல்ல ஆள் வேணுமே.”

அவருடைய யோசனையை உரிய காரணம் காட்டி நிராகரித்தேன். கடை திறந்தது. முதல் நாளே பினாங்கில் பாதிப் பேர் வந்தார்கள். தம்மை முழுசாக, தலை முதல் கால்வரை, இலவசமாகப் பார்க்க வந்தார்கள். மீசையைத் திருகுகிறவர், முதுகைப் பார்க்க முயன்று வட்டம் சுற்றுகிறவர், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையையும் கூட்டி வருகிறவர். வாங்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று திரும்பினார்கள். மூன்றாம் நாள் மாரிமுத்து என்ற இளவட்டம் முகாமிலிருந்து வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றான். “அழகாத்தான் இருக்கீங்க அண்ணே, தள்ளுங்க” என்பதுதான் அவன் வேலை. அதைக் கேட்டு மகிழ்ந்து சிலர் அல்மாரியே வாங்கினார்கள்.

அடுத்தது இரும்புக் கட்டில். “கிறீச்சுங்குதான்னு வாங்குறவங்க படுத்துப் புரண்டு பாக்க வெக்கப்படுவாங்க. அவுங்களுக்குப் பதிலா புரள ஒரு ஆள்.” அதையும் நிராகரித்தேன். அதுவும் நடந்தது. இப்படியே கதவுக்கு ஒருவர், வாங்கிய சாமானோடு வீடுவரை போய் எந்த மூலையில் வைப்பது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் என்று கடையில் ஆள் பெருகியது. நான் நிராகரிப்பதும், ராவுத்தர் “போட்டுத்தான் பாப்பமே கிராணி” என்பதும் வழக்கமாகிவிட்டன. என் நிராகரிப்புகளை மட்டும் வரிசை எண் போட்டு ஒழுங்காக வைத்திருந்தேன்.

வேலை தருவதோடு அவர் நிற்கவில்லை. தினமும் காலையில் கடை திறக்குமுன், வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுப்பார். போகிற வருகிற ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் “இருக்கேங்க” என்பார்கள். முடிவில் கடைக்குள் எட்டிப் பார்த்து, “கிராணியாரு?” என்பார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் பெரட்டுக்குப் பதில் சொல்வதா? நான் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் காத்திருப்பார். பிறகு அவரே, “இருக்காரு” என்று சொல்லிப் பெரட்டை முடிப்பார். ஒருநாள்கூட என்னை அவர் வராதவன் என்று போட்டதில்லை.

எல்லோருக்கும் இடம் கிடைத்து, முகாமில் மிஞ்சியது அஞ்சலை ஒருத்தி. புதுப்பெண்ணாக வந்தவள், புருஷனைத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்தவள். “ஊருல என்னைய யாருக்குங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்ச மனுசன் இங்கதான் மண்ணுக்குள்ள கெடக்காரு” என்று முகாமில் சொன்னாளாம். கப்பல் நாளை மறுநாள்.

ஆள்போடு அண்ணன் அன்று கடையை மூன்று சுற்றுச் சுற்றினார். வேலை எதுவும் ஒளிந்திருக்கவில்லை. கடைசியில் நடுக்கடையில் நின்று, “இத்தன நாக்காலி இருக்கு, ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்களே” என்றார்.

உண்மைதான். அல்மாரி போயிற்று, கட்டில் போயிற்று, நாற்காலி ஒன்றும் போகவில்லை. உட்கார்ந்தால் வாங்கித்தான் ஆக வேண்டுமோ என்று சிலருக்குப் பயம். முதலாளி நிற்கும்போது நாம் உட்காரலாமா என்று சிலருக்கு மரியாதை. ‘உட்கார விரும்புவோர் கிராணியிடம் அனுமதி பெறவும்’ என்று நான் எழுதி மாட்டியிருந்த பலகையும் தன்னாலான உதவியைச் செய்திருக்கலாம்.

“பொம்பளைங்கதான் வீட்டு நாக்காலிய முடிவு பண்றாங்க. ஒரு பொம்பளை உக்காந்திருந்தாத்தான் இன்னொரு பொம்பளை உக்காரும். உக்கார ஒரு ஆள் போடணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “உட்கார்வதெல்லாம் ஒரு வேலையா?”

“நீங்க கவர்மெண்ட்டுல வேற என்ன செஞ்சீங்க?”

ராவுத்தர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்காகப் பேசினார். “ஆளு ரொம்பச் சேந்துபோச்சு அண்ணே. நாளைக்கு ஒரு நாள் அந்தம்மா வரட்டும். ஒரு நாக்காலியாச்சும் போனா எழுதித் தர்றேன். போவலேன்னா என்னையக் குத்தம் சொல்லக் கூடாது.”

மறுநாள், முகாமில் ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு, அஞ்சலை வந்தாள். யாருடையதோ இரவல் சேலை, எண்ணெய் தடவி வாரிய தலை. ஆள்போடு அண்ணன் அவளை வாசல் பார்த்த இடத்துக்கு, கடையிலேயே மிடுக்கான நாற்காலிக்குக் கூட்டிப்போனார். தேக்கு மரம், பிரம்பு பின்னிய முதுகு. அவள் அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

“இது எங்க துரை நாக்காலிங்க. பங்களா வராந்தாவுல கெடக்கும். நாங்க கீழ மண்ணுல நின்னுல்ல பேசுவோம்.”

“துரை சீமைக்குப் போயிட்டாரு. நாக்காலி வேலையில்லாமக் கெடக்கு. உன்னைய மாதிரிதான். உக்காரு.”

அவள் ஓரத்தில், ஒரு முழம்கூட இல்லாத இடத்தில், உட்கார்ந்தாள். நான் என் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினேன். விசுக்கென்று எழுந்து நின்றாள். தோட்டத்தில் கிராணியைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. நான் குனிந்தேன், உட்கார்ந்தாள். இருமினேன், எழுந்தாள். பேனாவைத் தொட்டு எழுதினேன், பாதி எழுந்தாள். என் வாழ்நாளில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. அது இவ்வளவு கேடு செய்ததும் இல்லை.

ஏனென்றால் அந்த நேரம் பார்த்து, வசதியான வீட்டு அம்மாள்கள் இரண்டு பேர் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி வாசலில் நின்றார்கள். அஞ்சலை உட்கார்வதையும் துள்ளி எழுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

“அக்கா, வேணாம்க்கா. மூட்டப்பூச்சி.”

“ஆமாடி. பாவம், எப்படிக் கடிக்குது பாரு.”

போய்விட்டார்கள். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்க வேண்டும். அடுத்து வந்தவர்கள் உள்ளேகூட நுழையவில்லை. ஐந்தடியில் நின்று அவளைச் சுட்டிக்காட்டித் தம் முழங்கையைச் சொறிந்துகொண்டார்கள். ராவுத்தரின் முகம் வெளுத்தது. மூட்டைப்பூச்சி என்று பெயர் வாங்கிய நாற்காலிக் கடையைவிடப் பிளேக் வந்த தெரு மேல்.

ஆள்போடு அண்ணன் என் மேஜைக்கு வந்தார். அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

“கிராணியாரே, அவ உக்காரணும்னா நீங்க கண்ணுல படக் கூடாது. மேஜைக்குப் பின்னாடி கீழ உக்காந்துக்கங்க.”

“தரையிலா? தலைமைக் கிராணி தரையில் உட்கார்வதற்கு விதி கிடையாது.”

“கூடாதுன்னும் விதி கிடையாதுல்ல?”

நான் எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். அவர் சொன்னது சரி. அரசாங்கம் அந்தச் சந்தர்ப்பத்தை எதிர்பார்க்கவே இல்லை. கோட்டைக் கழற்றாமலே இறங்கிப் போய், மேஜையின் கால்களுக்கு நடுவே, குப்பைக் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“கிராணி எங்கங்க?” அஞ்சலையின் குரல்.

“வீட்டுக்குப் போயிட்டாரு. வயித்து வலி.”

பிறகு நான் எதையும் பார்க்கவில்லை, கேட்டேன். பிரம்பு நெரியும் சத்தம் ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று; நன்றாகச் சாய்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம், முகாமில் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாளோ, குறட்டை. துரையின் நாற்காலியில், பினாங்கு ரோட்டைப் பார்த்தபடி, பட்டப்பகலில்.

அந்தக் குறட்டை வாசல்வரை போயிருக்கிறது. வளையல் சத்தமும் கிசுகிசுப்பும் உள்ளே வந்தன. மூட்டைப்பூச்சியை முதலில் கண்டுபிடித்த அதே அம்மாள்தான், அக்காவோடு திரும்பி வந்திருந்தார்; குரலிலேயே தெரிந்தது.

“ஏன்க்கா, மூட்டப்பூச்சி இருந்தா இந்தத் தூக்கம் தூங்க முடியுமா?”

“என் வீட்டுக் கட்டில்லகூட நான் இப்படித் தூங்குனதில்லடி. எனக்கு அந்த நாக்காலிதான் வேணும்.”

“அந்தம்மா எந்திரிக்கட்டும்ங்க” என்றார் ஆள்போடு அண்ணன், கோயிலில் பேசுவதுபோல. “அதுவரைக்கும் இப்படி உக்காருங்க.”

காத்திருக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததால் அந்த நாற்காலிகளும் பிடித்துப்போயின. அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்து இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். நான் மேஜைக்கடியில் கால் மரத்து, தும்மலை விழுங்கி, கடை சாத்தும்வரை வயிற்று வலியோடு வீட்டில் இருந்தேன். வாங்கிய அம்மாள் நாற்காலி காலையில் வந்தால் போதும், தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராவுத்தர் எழுதிக் கொடுத்தார். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆள்போடு அண்ணன் நகரவில்லை.

“அஞ்சலைக்குன்னு கப்பல்ல ஒரு எடம் போட்டிருக்காங்க. இப்ப அது காலி. அதுக்கு ஒரு ஆள் போடணும்லா.”

“யாரை?”

“இவுங்க எல்லாரும் வேலையில இருக்காங்கன்னு ஊருல அவுங்க வீட்டுல போயிச் சொல்லணும். சொல்றதுக்கு ஆளு வேணும். நான் போறேன்.”

அவர் தமக்கென்று ஒரு வேலை கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.  நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “ஒருவர் இடத்தில் இன்னொருவர் போக முடியாது. விதி இல்லை.”

“சரி. இல்லேன்னு சொல்லத்தான் உங்களப் போட்டிருக்கு. சொல்லிட்டீங்க. இப்ப வழியச் சொல்லுங்க.”

“இல்லையென்று சொல்ல என்னைப் போட்டிருக்கிறதா? யார் போட்டது?”

ராவுத்தர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “உமக்குத் தெரியாதா கிராணி? கடை தொறக்குமுன்னாடியே அண்ணன் எங்கிட்ட வந்து சொன்னதுதான். ‘வேலை கேட்டு ஊரே வரும். உங்களுக்கு இல்லேன்னு சொல்ல வராது ராவுத்தரே, அதுக்கு ஒரு ஆள் போடுங்க. கவர்மெண்ட்டு கிராணி ஒருத்தரு வேலை போயிக் காப்பிக்கடையில தெனமும் பழைய பேப்பரை மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பாக்கவே சங்கடமா இருக்கு’ன்னாரு. இந்தக் கடையில மொதல்ல போட்ட ஆளே நீருதான்.”

ஆள்போடு அண்ணன் குடையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் பிறர் விண்ணப்பம் எங்கே உதைக்கும் என்பதைப் பற்றி. அன்றுதான் முதல் முறையாக எங்கேயும் உதைக்காத ஒரு விண்ணப்பம் எழுதினேன். மறுநாள் அலுவலகம் திறக்குமுன் வாசலில் போய் நின்று, எனக்குத் தெரிந்த எல்லாக் குறுக்கு வழிகளையும் நேர்வழிபோலக் காட்டி, கையெழுத்து வாங்கி, சாப்பு என்கிற முத்திரையும் குத்தி, துறைமுகத்துக்கு ஓடினேன். கப்பல் ஏணியில் கால் வைத்த ஆள்போடு அண்ணன் ஒரு நிமிடம் நின்றார். “ரொம்பச் செங்குத்தா இருக்கு கிராணியாரே. வயசானவங்களுக்குக் கை குடுக்க இங்க ஒரு ஆள் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அவரைப் பற்றிப் பிறகு ஒரே ஒரு செய்தி வந்தது. அவர் ஊர் ரயிலடியில் ரயில் வந்துவிட்டது என்று பயணிகளுக்குச் சொல்ல ஓர் ஆள் போட்டிருக்கிறார்களாம். நான் ஆச்சரியப்படவில்லை. ரப்பர் விலை ஏறியதும் அரசாங்கம் எனக்கும் பழைய மேஜையைத் திருப்பித் தந்தது. ஓய்வுபெறும்வரை அதில் உட்கார்ந்தேன். அது ஒரு வேலையா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் என் நினைவில் நிற்பது கப்பல் போன மறுநாள் காலை. எல்லோரும் வழக்கம்போல் ஐந்தடியில் வரிசையாக வந்து நின்றார்கள். அஞ்சலை கடைசியில். கூப்பிட ஆள் இல்லை. யாரும் கலையவும் இல்லை. மாரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, “இதுக்கு ஒரு ஆள் போடணும்ங்களே” என்றான். எல்லோரும் கடைக்குள் பார்த்தார்கள்.

எழுந்து வெளியே வந்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் “இருக்கேங்க” என்றார்கள். அஞ்சலையும் சொல்லி முடித்த பிறகு, இன்னொரு பெயரையும் கூப்பிட்டேன்.

“ஆள்போடு அண்ணே?”

தெருவில் ஒரு ரிக்‌ஷா போயிற்று. கொஞ்சம் காத்திருந்தேன்.

“இருக்காரு” என்று சொல்லிவிட்டுக் கடைக் கதவைத் திறக்கச் சொன்னேன்.